கருவில் இருந்த பிள்ளையிடம் ஆதாரம் கேட்கும் அரசு

3704 பேர், எட்டுப் பேர். இந்த இரண்டு எண்களையும் முதலில் மனதில் வைத்துக்கொள்ளுங்கள் தோழர்களே.

காசர்கோட்டில் எண்டோசல்ஃபான் என்ற பூச்சிக்கொல்லியால் பாதிக்கப்பட்டவர்கள் என்று அடையாளம் காணப்பட்டுப் பட்டியலில் ஏறியவர்கள் 3704 பேர். பாதிக்கப்பட்டோருக்கு ஆளுக்கு 5 லட்சம் ரூபாய் மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2017 ஜனவரி 10 அன்று உத்தரவிட்டது. ஐந்து ஆண்டுகள் கழித்து, 2022 மே மாதம் அதே நீதிமன்றத்தில் கணக்குப் பார்த்தபோது அந்தப் பணம் போய்ச் சேர்ந்திருந்தது எட்டுப் பேருக்கு மட்டும். யார் அந்த எட்டுப் பேர்? நீதிமன்ற அவமதிப்பு வழக்குப் போட்டவர்கள். டெல்லி வரை போக வழியில்லாதவர்களுக்கு அந்த உத்தரவு வெறும் காகிதம்.

லாஸ்பேட்டையில் கல்லூரி மாணவர்கள் சிலரோடு இதைப் பேசிக்கொண்டிருந்தபோது ஒருவர் கேட்டார்: "தோழர், மருந்து கம்பெனிக்காரன் செஞ்ச தப்புக்கு கவர்மெண்ட் ஏன் பணம் கட்டணும்? அது நம்ம வரிப்பணம்தானே?" பலருக்கும் இது நியாயமான கேள்வியாகத்தான் படும். அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தோம்.

காசர்கோட்டில் அந்தக் கம்பெனிக்காரன் யார் என்று பாருங்கள். 1970களின் கடைசியிலிருந்து 2000 வரை, ஆண்டுக்கு இரண்டு மூன்று தடவை, சுமார் 4600 ஹெக்டேர் முந்திரித் தோட்டங்களின் மேல் ஹெலிகாப்டர் பறந்து எண்டோசல்ஃபானைத் தெளித்தது. அந்தத் தோட்டங்களின் முதலாளி கேரளத் தோட்டக் கழகம், அதாவது மாநில அரசு. எண்டோசல்ஃபானைத் தயாரித்த நிறுவனங்களில் ஒன்று கொச்சிக்குப் பக்கத்தில் ஏலூரில் இருந்த இந்துஸ்தான் இன்செக்டிசைட்ஸ், அதாவது மத்திய அரசு. மருந்துக்கு அனுமதி கொடுத்ததும் அரசுதான், கண்காணித்திருக்க வேண்டியதும் அரசுதான். தயாரித்தவர், தெளித்தவர், சான்று கொடுத்தவர், பிறகு விசாரணைக் குழு போட்டவர் எல்லாரும் ஒரே வீட்டு ஆட்கள்.

அந்த ஊர்களின் அமைப்பைத் தெரிந்துகொண்டால்தான் நடந்தது புரியும். செம்பாறைக் குன்றுகளின் மேல் தோட்டம், சரிவில் வீடுகள். குன்றைக் குடைந்து எடுக்கும் சுரங்கங்களிலிருந்தும் ஓடைகளிலிருந்தும் கிணறுகளிலிருந்தும்தான் குடிநீர். மேலே தெளித்தது காற்றில் வீட்டுக்கு வந்தது, மழையில் கிணற்றுக்கு இறங்கியது. என்மகஜே ஊராட்சியின் பத்ரே கிராமத்தில் தேசியத் தொழில்சார் சுகாதார நிறுவனம் 2001-இல் ஆய்வு நடத்தியது. மருந்து தெளிக்காத பக்கத்துப் பகுதியோடு ஒப்பிட்டபோது குழந்தைகளிடம் நரம்புக் கோளாறுகளும் பிறவிக் குறைபாடுகளும் கூடுதலாக இருந்தன. ஆண் பிள்ளைகள் வயதுக்கு வருவதே தாமதப்பட்டது. தெளிப்பதை நிறுத்திப் பல மாதங்களுக்குப் பிறகும் ரத்தத்தில் மருந்து இருந்தது.

இதற்குப் பிறகும் மத்திய அரசு "உறுதியான ஆதாரம் இல்லை" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தது. 2011-இல் இந்த மருந்தை உலக அளவில் தடை செய்ய ஸ்டாக்ஹோம் உடன்படிக்கை நாடுகள் ஜெனீவாவில் கூடியபோது, தடையை எதிர்த்து நின்ற நாடு இந்தியா. அடுத்த மாதமே உச்ச நீதிமன்றம் இடைக்காலத் தடை போட்டது.

இதில் எங்களை மிகவும் கோபப்படுத்துவது வேறொன்று. யார் பாதிக்கப்பட்டவர் என்று பட்டியல் போடும்போது, 2011-க்குப் பிறகு பிறந்த பிள்ளைகள் இதில் வரமாட்டார்கள் என்று ஒரு கோடு கிழிக்கப் பார்த்தார்கள். விஷத்தின் வேலை அந்த ஆண்டோடு முடிந்துவிட்டதாம். எத்தனையோ ஆண்டு அந்தத் தண்ணீரைக் குடித்து வளர்ந்த பெண், 2012-இல் பிள்ளை பெற்றால் அந்தப் பிள்ளைக்கும் தோட்டக் கழகத்துக்கும் சம்பந்தம் இல்லை. பாதிக்கப்பட்ட பிள்ளைகளின் தாய்மார்கள் தெருவுக்கு வந்து எதிர்த்தார்கள். 2019-இல் திருவனந்தபுரம் தலைமைச் செயலகத்தின் முன்னால் பட்டினி கிடந்தவர்களும் இந்தத் தாய்மார்கள்தான். படுத்த படுக்கையாய்க் கிடக்கும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்குவது என்ன வேலை என்று, கோடு கிழித்த அதிகாரிகளில் ஒருவராவது செய்து பார்த்திருந்தால் தெரியும்.

தலைமுறை தாண்டும் விஷத்தில் அரசு செய்யும் தந்திரம் இதுதான். சேதத்தை நிரூபிக்கும் பொறுப்பைப் பிள்ளையின் தலையில் போடுகிறது. நிரூபிக்கத் தேவையான கணக்கையோ தன் கையில் வைத்துக்கொண்டு எடுக்காமல் விடுகிறது, எடுத்தாலும் பூட்டி வைக்கிறது. இதை வெறும் வசையாகச் சொல்லவில்லை. போபாலைப் பாருங்கள்.

1984 டிசம்பர் 2 இரவு யூனியன் கார்பைட் ஆலையிலிருந்து வாயு கசிந்த கதை எல்லாருக்கும் தெரியும். அதற்குப் பிறகு நடந்தது பலருக்குத் தெரியாது. 1985-இல் ஒரு சட்டம் கொண்டுவந்து, பாதிக்கப்பட்ட அத்தனை பேருக்காகவும் வழக்காடும் உரிமையை மத்திய அரசு தானே எடுத்துக்கொண்டது. 1989-இல் 47 கோடி டாலருக்கு உடன்பாடு செய்தது. 1991-இல் உச்ச நீதிமன்றம் அந்த உடன்பாட்டை ஏற்றபோது அரசுக்குச் சில கடமைகளை வைத்தது. அவற்றில் ஒன்று: அன்றைக்கு நோய் வெளியே தெரியாதவர்களுக்கும், இனிமேல் பிறக்கப்போகும் பிள்ளைகளுக்கும் சேர்த்து சுமார் ஒரு லட்சம் பேருக்கு மருத்துவக் காப்பீடு எடுக்க வேண்டும். பிறக்காத பிள்ளையின் பெயரில் அரசுக்கு ஒரு கடனை இந்த நாட்டின் உச்ச நீதிமன்றம் அன்றே எழுதி வைத்துவிட்டது. சட்டம் படிக்கும் தோழர்கள் இதை அடிக்கோடிட்டுக்கொள்ள வேண்டும்.

அந்தக் காப்பீடு எடுக்கப்படவே இல்லை. 32 ஆண்டுகள் கழித்து, கூடுதல் இழப்பீடு கேட்டு மத்திய அரசு போட்ட சீராய்வு மனுவை ஐந்து நீதிபதிகள் அமர்வு 2023 மார்ச் 14 அன்று தள்ளுபடி செய்தது. காப்பீடு எடுக்காமல் விட்டது அரசின் பெரும் அலட்சியம் என்று அந்தத் தீர்ப்பிலேயே எழுதினார்கள். அலட்சியம் அரசுடையது, மனு தள்ளுபடி ஆனதால் நஷ்டம் போபால் மக்களுக்கு. இது என்ன கணக்கு என்று எங்களுக்கு இன்னும் விளங்கவில்லை.

ஆதாரத்தின் கதை இன்னும் மோசம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், அதாவது ஐ.சி.எம்.ஆர்., போபாலில் நடத்திவந்த ஆய்வுகளை 1994-இல் நிறுத்தியது. ஐ.சி.எம்.ஆர். நமக்குத் தூரத்து நிறுவனம் ஒன்றும் இல்லை, அதன் கொசு ஆராய்ச்சி மையம் நம் இந்திரா நகரில்தான் இருக்கிறது. பிறகு போபாலிலேயே அதன்கீழ் ஒரு சுற்றுச்சூழல் சுகாதார நிறுவனம் வந்தது. அங்கே நடந்த ஆய்வில், வாயுவுக்கு ஆளான தாய்மார்களுக்குப் பிறந்த 1048 குழந்தைகளில் 9 சதவீதத்தினருக்குப் பிறவிக் குறைபாடு இருந்தது. ஆளாகாத தாய்மார்களின் 1247 குழந்தைகளில் அது 1.3 சதவீதம். இந்த ஆய்வை ஐ.சி.எம்.ஆர். வெளியிடவில்லை. ஆய்வு முறையில் குறை என்று சொன்னார்கள். சரி, குறை இருந்தால் முறையாக இன்னொரு ஆய்வு நடத்த வேண்டியதுதானே? தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டு, பாதிக்கப்பட்டோர் அமைப்புகள்தான் அதை வெளியே கொண்டுவந்தன. 2023-இல் அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றின் ஆய்வாளர்கள், அந்த இரவில் போபால் பகுதியில் தாயின் வயிற்றில் இருந்த ஆண்களிடம் புற்றுநோயும் வேலைக்குப் போக முடியாத உடல் குறைபாடும் கூடுதலாக இருப்பதாக எழுதினார்கள். கலிபோர்னியாவில் உட்கார்ந்துகொண்டு அவர்கள் பயன்படுத்தியது நம் அரசே எடுத்த குடும்பநல ஆய்வின் புள்ளிவிவரத்தை.

இனி, புதுச்சேரிக்காரர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரு கதை. 1853-இல் தொடங்கி முப்பது ஆண்டுகளுக்கு மேலாக நம் புதுச்சேரி, காரைக்கால் துறைமுகங்களிலிருந்து ஒப்பந்தக் கூலிகளைக் கப்பலேற்றி பிரெஞ்சுக்காரர்கள் கரீபியன் தீவுகளுக்குக் கொண்டுபோனார்கள். குவாதலூப்புக்குச் சுமார் 42 ஆயிரம் பேர், மார்த்தினிக்குக்குச் சுமார் 25 ஆயிரம் பேர் இப்படிப் போய்ச் சேர்ந்தார்கள். பெரும்பாலோர் தமிழர், அவர்களில் சேரிகளிலிருந்து போனவர்கள் ஏராளம். அடிமை முறை ஒழிந்ததும் கரும்பு வெட்ட ஆள் இல்லாமல் போனதால் வந்த ஏற்பாடு அது. கரும்புத் தோட்டங்கள் பின்னாளில் வாழைத் தோட்டங்கள் ஆயின. 1972-இலிருந்து அந்த வாழைக்குக் குளோர்டெகோன் என்ற மருந்தைப் போட்டார்கள். 1974-இல் மார்த்தினிக் வாழைத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, இந்த விஷ மருந்துகளை நிறுத்து என்பதும் அவர்கள் கோரிக்கைகளில் ஒன்று. கிடைத்தது துப்பாக்கிச் சூடு. பிரான்சில் 1990-இல் தடை செய்த மருந்தை, இந்தத் தீவுகளில் மட்டும் சிறப்பு அனுமதி கொடுத்து 1993 வரை பயன்படுத்த விட்டார்கள். இன்று அங்கே பெரியவர்களில் 90 சதவீதத்துக்கும் மேலானவர்களின் ரத்தத்தில் அது இருக்கிறது. மண்ணில் நூற்றாண்டுக் கணக்கில் இருக்கும் என்கிறார்கள்.

குற்ற வழக்கை 2023 ஜனவரியில் பாரிஸ் நீதிபதிகள் முடித்து வைத்தார்கள், யாருக்கும் தண்டனை இல்லை. ஆனாலும் மக்கள் விடவில்லை. 2025 மார்ச்சில் பாரிஸ் நிர்வாக மேல்முறையீட்டு நீதிமன்றம், அனுமதியை நீட்டித்தது பிரெஞ்சு அரசின் தவறு என்று சொல்லி, ரத்தத்தில் விஷத்தோடு பயந்து வாழ வேண்டியிருக்கும் மன உளைச்சலுக்குச் சிலருக்கு இழப்பீடு தரச் சொன்னது. பூச்சிக்கொல்லியால் பாதிக்கப்பட்டோருக்காக பிரான்சில் 2020-இலிருந்து ஒரு நிதி இருக்கிறது. தாயோ தகப்பனோ வேலையில் மருந்துக்கு ஆளாகி அதனால் கருவிலேயே பாதிக்கப்பட்ட பிள்ளையும் அதில் கேட்கலாம். போதுமான நியாயம் என்று இதைச் சொல்ல மாட்டோம். ஆனால் "கருவில் இருந்த பிள்ளைக்குச் சட்டத்தில் இடம் இல்லை" என்று யாராவது சொன்னால், இருக்கிறது என்று காட்ட இது போதும். ஜூலை 14 அன்று கொடியேற்றத்துக்குப் போகும் பிரெஞ்சுக் குடியுரிமைக் குடும்பங்கள் நம் தெருக்களிலேயே இருக்கின்றன. அங்கே செத்துக்கொண்டிருப்பவர்களில் நம் ஊரிலிருந்து கப்பலேறியவர்களின் பேரப்பிள்ளைகளும் உண்டு என்று அவர்களிடம் சொல்லுங்கள்.

அமெரிக்கா வியட்நாமில் தெளித்த ஏஜெண்ட் ஆரஞ்ச் விஷயத்தில் இன்னொரு பாடம் இருக்கிறது. 1991-இல் வந்த சட்டப்படி, அந்தக் காலத்தில் வியட்நாமில் பணியாற்றிய அமெரிக்கச் சிப்பாய்க்குப் பட்டியலில் உள்ள நோய் வந்தால், அது அந்த மருந்தால் வந்ததாகவே அரசு எடுத்துக்கொள்ளும். தனித்தனியாக நிரூபிக்க வேண்டாம். முதுகுத்தண்டுக் குறைபாட்டோடு பிறந்த சிப்பாயின் பிள்ளைக்கும் உதவித்தொகை உண்டு. வியட்நாம் பிள்ளைகளுக்கோ அந்தச் சட்டத்தில் ஒன்றும் கிடையாது. விஷம் ஒன்றுதான், பிள்ளைகளும் பிள்ளைகள்தான். யாருடைய பிள்ளை என்பதைப் பார்த்து நிரூபிக்கும் பாரம் மாறுகிறது. சாதியோடு வளர்ந்த நமக்கு இதைப் புரிந்துகொள்ள விளக்கவுரை தேவையில்லை.

நம் ஊரிலும் அது எப்படி வேலை செய்கிறது என்பதற்கு வேலூர்த் தோல் ஷாப் வழக்கு இருக்கிறது. பாலாற்றைக் கெடுத்த தோல் தொழிற்சாலைகளுக்கு எதிராக 1996-இல் வந்த தீர்ப்பைச் சுற்றுச்சூழல் படிக்கிற எல்லாரும் படிக்கிறார்கள், மாசுபடுத்தியவரே பணம் கட்ட வேண்டும் என்ற கொள்கைக்காக. அதன் தொடர்ச்சியாக 2001-இல் இழப்பீடு கணக்கிட்டபோது எதைக் கணக்கிட்டார்கள்? கெட்டுப்போன நிலத்தை. பட்டா வைத்திருந்தவருக்கு இழப்பீடு. அந்தத் தோலை வெறுங்காலோடு தொட்டியில் இறங்கி மிதித்தவருக்கு நிலம் ஏது, பட்டா ஏது? உடம்பு சொத்தாகக் கணக்கில் வரவில்லை. 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் மறுபடியும் தலையிட்டு, பாக்கி இழப்பீட்டை மாநில அரசு முதலில் கொடுத்துவிட்டுப் பிறகு ஆலைகளிடம் வசூலித்துக்கொள்ளட்டும் என்றது. லாஸ்பேட்டைத் தோழர் கேட்ட வரிப்பணக் கேள்விக்கு ஒரு பாதிப் பதில் இதில் இருக்கிறது. அரசு கொடுக்க வேண்டும், அரசே வசூலிக்க வேண்டும். கம்பெனியின் பின்னால் முப்பது வருஷம் ஓட வருவாய்த் துறைக்குத் தெம்பு இருக்கிறது, படுக்கையில் கிடப்பவருக்கு இல்லை.

மீதிப் பாதிப் பதில் நம் வாசலில் இருக்கிறது. புதுச்சேரியிலிருந்து பேருந்தில் ஒரு மணி நேரம் போனால் கடலூர் சிப்காட். 1980களிலிருந்து ரசாயன ஆலைகள். ஈச்சங்காடு, குடிகாடு, செம்மங்குப்பம் மக்கள் ராத்திரி எந்த நேரத்தில் என்ன நாற்றம் வருகிறது என்று, அழுகின முட்டையா, அழுகின முட்டைக்கோசா, நெயில் பாலிஷா என்று நோட்டுப்புத்தகத்தில் எழுதிவைத்து, 2004-இல் வாளியில் காற்றைப் பிடித்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்காக நீரி நிறுவனம் செய்த ஆய்வு, அங்கே வாழ்பவர்களுக்குப் புற்றுநோய் வரும் ஆபத்து இயல்பைவிட 2000 மடங்கு என்று சொன்னதாக 2008-இல் செய்தி வந்தது. அதைக் கேட்ட எந்த அரசும் செய்திருக்க வேண்டிய முதல் வேலை, அந்த ஊர்களில் பிறக்கும் ஒவ்வொரு பிள்ளையையும் கணக்கில் எடுப்பது. அன்றைக்குப் பிறந்த பெண் குழந்தைகள் இன்று கல்லூரி வயதில் இருக்கிறார்கள். இன்னும் சில ஆண்டுகளில் தாய்மார்கள் ஆவார்கள்.

அந்த ஊர்களின் பிரசவங்களில், சிக்கலானவை பல எங்கே வருகின்றன? கோரிமேட்டில், நம் ஜிப்மருக்கு. அது மத்திய அரசின் நிறுவனம். தாயின் ஊர், தாய் தகப்பன் செய்யும் வேலை, பிள்ளையின் பிறவிக் குறைபாடு, கருச்சிதைவு, இந்த நான்கையும் ஒரே பதிவேட்டில் ஒழுங்காக எழுதி ஆண்டுதோறும் வெளியிட்டாலே போதும், நாளைக்கு எந்த நீதிமன்றத்திலும் "ஆதாரம் எங்கே" என்று கேட்க முடியாது. இதற்குப் பெரிய விஞ்ஞானம் வேண்டாம், ஒரு எழுத்தரும் ஒரு கணினியும் மனசும் வேண்டும்.

புதுச்சேரியில் இன்னொரு வசதி, அதாவது சாக்குச் சொல்ல முடியாத நிலை. மாநிலங்களுக்கு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் தனியாக உண்டு. யூனியன் பிரதேசத்துக்குக் கிடையாது, சட்டப்படி அந்த அதிகாரம் மத்திய வாரியத்துடையது. நம் மாசுக் கட்டுப்பாட்டுக் குழுமம் அதனிடமிருந்து ஒப்படைக்கப்பட்ட அதிகாரத்தில் இயங்குகிறது. எனவே இங்கே மத்திய அரசு நேரடிப் பொறுப்பாளி. காலாப்பட்டு மருந்து ஆலையில் 2023 நவம்பரில் வெடித்து ஆட்கள் கருகியபோதும், ரெட்டியார்பாளையம் புதுநகரில் 2024 ஜூனில் கழிவுநீர்க் குழாயின் விஷவாயு வீட்டுக் கழிப்பறைக்குள் ஏறி மூன்று பெண்கள் செத்தபோதும் தலைவர்கள் ஓடி வந்தார்கள், நிவாரணம் அறிவித்தார்கள். வர வேண்டியதுதான். ஆனால் ஒரே நாளில் செத்தால் காசோலை, இருபது வருஷத்தில் செத்தால் மருத்துவச் சான்று, பிள்ளைக்கு வந்தால் "பரம்பரை நோய்" என்பதுதான் இங்கே வழக்கம். லாஸ்பேட்டையில் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம் இருக்கிறது. கழிவுநீர்த் தொட்டிக்குள் இறங்கும் வேலை எந்தச் சாதியின் தலையில் விழுகிறது என்று உங்களுக்குத் தெரியும். அவர்கள் வீட்டுப் பிள்ளைகளின் உடல்நலத்தை எந்தத் துறை பார்க்கிறது?

சட்டத்தில் நமக்கு ஒரு கருவி கிடக்கிறது, துருப்பிடித்து. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் மூன்றாம் பிரிவில், பட்டியல் சாதி, பழங்குடி மக்கள் வழக்கமாகப் பயன்படுத்தும் நீர்நிலையைக் கெடுத்துப் பயன்பாட்டுக்கு லாயக்கற்றதாக்குவது குற்றம் என்று 1989-இலிருந்தே இருக்கிறது. வேங்கைவயல் தொட்டியில் மலம் கலந்தபோது எல்லாரும் இந்தச் சட்டத்தைப் பேசினோம். குழாய் வழியாக ஆலைக் கழிவு வந்து அதே சேரிக் கிணற்றில் இறங்கினால் ஏன் பேசுவதில்லை? 1927-இல் மகத் குளத்தில் அண்ணல் இறங்கியது அந்தத் தண்ணீரை அள்ளும் உரிமைக்காக. இன்று கிணறு நம்முடையதாக இருக்கிறது, உள்ளே இருப்பதுதான் ஆலையுடையதாக இருக்கிறது. இந்தப் பிரிவை ஆலை வழக்குகளில் வைத்து வாதாடிப் பார்க்க வேண்டும். நீதிமன்றம் ஏற்குமா என்பது போகப்போகத் தெரியும், ஆனால் போலீஸ் நிலையத்தில் புகாராக எழுதி வாங்க வைப்பதே ஒரு வேலைதான்.

இப்போதைக்கு எங்கள் கையில் உள்ள வேலை சின்னது. தகவல் உரிமை மனுக்கள் இரண்டு தயார் செய்திருக்கிறோம். ஒன்று மாசுக் கட்டுப்பாட்டுக் குழுமத்துக்கு: கடந்த பத்து ஆண்டுகளில் எந்தெந்த ஆலைகளைச் சுற்றியுள்ள கிணறுகளில் நீர் எடுத்தீர்கள், கன உலோகமும் கரைப்பான் ரசாயனங்களும் சோதித்தீர்களா, முடிவுகளின் நகல் எங்கே. மற்றொன்று சுகாதாரத் துறைக்கு: பிறவிக் குறைபாட்டோடு பிறந்த குழந்தைகளின் எண்ணிக்கை கொம்யூன் வாரியாக, ஆண்டு வாரியாக உண்டா, தாயின் தொழில் பதிவாகிறதா. கேள்விகளை நீங்களும் திருத்துங்கள், கூட்டுங்கள். கடலூர் பக்கத்துத் தோழர்கள் இதையே தமிழ்நாட்டு வாரியத்துக்கு மாற்றி அனுப்பலாம். கட்டணம் 10 ரூபாய். பதில் 30 நாளில் வர வேண்டும். "பதிவேடு இல்லை" என்று வந்தால் அந்தத் தாளைத் தூக்கிப் போட்டுவிடாமல் தேதியோடு பத்திரமாக வையுங்கள், வழக்கு என்று போகும்போது நமக்கு வேண்டிய முதல் ஆவணம் அதுதான்.